வில்லோப் புதரில் என் நாடா

நில்லாஸ் ஒரு காலில் நாடாவும் மறு காலில் சணல் கயிறுமாகப் படகிலிருந்து இறங்கினான். தோல் காலணிக்குள் தண்ணீர் புகாமல் கணுக்காலில் சுற்றிக்கட்டும் நாடா. சிவப்பும் மஞ்சளுமாக நான் நெய்தது. வடக்கே கலைமான் மேய்க்கும் எங்களில், மனைவி நெய்ததைத்தான் கணவன் கட்டுவான்.

"இன்னொன்னு எங்க?"

"சதுப்புல எங்கயோ அவுந்து விழுந்துடுச்சு, பிரெத்" என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

பின்னாலேயே தூரிட் இறங்கினாள். எங்கள் வில்லோப் புதர்களை இனம் பிரித்துப் பெயர் சொல்லத் தெற்கேயிருந்து வந்தவள். அவளுக்குப் படகோட்டப் போனதிலிருந்து இவன் வாயைத் திறந்தால் தூரிட் அப்படிச் சொன்னாள், தூரிட் இப்படிச் சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கலைமான் தோல் பதனிட அதே புதரில்தான் நான் பட்டை உரிக்கிறேன். ஒரு நாளாவது பக்கத்தில் வந்து நின்றிருப்பானா?

அடுத்த வாரம் பட்டைக்காக ஓடைக்கரைக்குப் போனேன். பொன்மஞ்சளாகப் பூத்துக் கிடந்த ஒரு புதரில் என் நாடா! வில்லோ முதலில் பூக்கும், பூ உதிர்ந்த பிறகுதான் இலை விரியும். இரண்டையும் ஒரே புதரில் பார்த்தால்தான் பெயர் சொல்ல முடியும் என்று அவனே சொல்லியிருக்கிறான். அடையாளத்துக்குக் கட்டியது என்று புரிந்தது. புரிந்தால் வயிற்றெரிச்சல் அடங்கிவிடுமா? மகராசிக்குக் கட்ட வேறு துணியா கிடைக்கவில்லை? எதற்குப் பொய் சொன்னான்? நாடாவை அவிழ்த்து, வெள்ளைப் பூ பூத்திருந்த பக்கத்துப் புதரில் இறுக்கிக் கட்டினேன். முழிக்கட்டும், நன்றாக முழிக்கட்டும்.

இலை விரிந்ததும் அவர்கள் கிளம்பியபோது, "நானும் வரேன்" என்று படகில் ஏறி இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தேன்.

தூரிட் நாடா கட்டிய புதரின் இலையைத் தடவினாள், திருப்பினாள், கண்ணுக்கருகே வைத்துப் பார்த்தாள்.

"ஒடுங்கின இலை. ஆனா பூ மஞ்சளாச்சே! ஐயோ நில்லாஸ், ரெண்டும் கலந்த புது ரகமா இருக்குமோ? இது மட்டும் நிஜமாயிட்டா நீங்களும் நானும் எங்கயோ போயிடுவோம்!"

நீங்களும் நானுமாம். அவளை முட்டாளாக்கப் போய், கிரீடம் செய்து தலையில் வைத்துவிட்டேன்.

நில்லாஸ் குனிந்து நாடாவைப் பார்த்தான். பக்கத்துப் புதரின் உருண்டையான, கம்பளி போர்த்திய இலைகளைப் பார்த்தான்.

"இது நான் போட்ட முடிச்சு இல்ல."

"பின்ன யாரு போட்டது?" என்றாள் தூரிட்.

பிள்ளைகளின் காலணிக்கு நான் போடும் முடிச்சு அது. அவனுக்கு அவிழ்க்கவே வராது. பல்லால் கடித்துப் பார்த்துவிட்டு, கடைசியில் என்னைத்தான் கூப்பிடுவான்.

"நீயே வந்து அவுத்துவிடு, பிரெத்" என்றான். குரலில் கோபம் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை.

இருவரும் பார்த்துக்கொண்டு நிற்க, புதரின் முன் மண்டியிட்டேன். மழையில் நனைந்து நனைந்து முடிச்சு இறுகிக் கிடந்தது. நகம் உள்ளே போகவில்லை.