மஞ்சள் மூட்டை

...நார்மலாம், நார்மல்! வாய் கூசாமல் சொன்னாரே மனுஷன், "அது நார்மல் மக்காச்சோளம்தானே ஜானவி, எதுக்கு ஸ்டோர் ரூமை அடைச்சுண்டு கெடக்கணும்?" என்று, ஏதோ வீட்டுப் பரணிலிருந்து பழைய பாயைத் தூக்கிப் போட்டவர் மாதிரி... ஆட்டோக் கம்பியை ஜானவி இறுகப் பிடித்துக்கொண்டாள், அது துறைத்தலைவர் ஜெயந்த் சாரின் கழுத்தாக இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும், சீ, என்ன நினைப்பு இது, இருந்தாலும் நினைப்பு நினைப்புதான். தம்பானூரில் எப்போதும்போல நெரிசல், முன்னால் ஒரு பஸ் குறுக்கே நின்றுகொண்டு நகரமாட்டேன் என்கிறது, சாலைக் கடைத்தெருவில் இந்நேரம் அந்த விதைச்சோள மூட்டையைப் பிரித்துப் புறாத் தீவனத்தில் கொட்டியிருப்பார்களோ, கொட்டியிருந்தால்? ஒரு சீமந்தத்துக்காக நாகர்கோவில் போய்விட்டு வருவதற்குள் இப்படியா? ஆராய்ச்சி நிலையத்தில் ஸ்டோர் பார்க்கும் ராஜையன் அண்ணன் பாவம், தலையைச் சொறிந்துகொண்டு, "சார் களையச் சொன்னாரு, வன்னியபெருமாள் கடையில கொடுத்துட்டேன், இன்னைக்கிக் காலத்தேதான்" என்றார், அவரைக் கோபித்து என்ன பயன், சொன்னவர் மேலே ஏ.சி. அறையில் உட்கார்ந்திருக்கிறார்.

வெள்ளை மணிகளை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டாராம். ஏன் வைத்துக்கொள்ளமாட்டார், பார்க்க வருகிற கமிட்டிக்குக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காட்டலாமே, கதிரிலேயே, தாய்ச்செடியின் மேலேயே முளைவிட்ட வெள்ளை மணிகள், அதிசயம்தான், யார் இல்லை என்றது? ஆனால் ஏன் முளைத்தது என்று யாராவது கேட்டால் மனுஷன் என்ன சொல்வார்? மஞ்சள் இல்லாததால் முளைத்தது. கேரட்டிலும் பூசணியிலும் இருக்கிற அதே ஜாதி மஞ்சள் நிறமியை ஒரு நொதி பார்த்து நறுக்குகிறது, நறுக்கிய துண்டு செடிக்குள்ளே இன்னும் சில கை மாறி ஹார்மோன் ஆகிறது, அந்த ஹார்மோன்தான் விதையிடம், இரு, இப்போது வேண்டாம், மண்ணில் விழு, மழை வரட்டும் என்கிறது. நிறமி இல்லையென்றால் நறுக்க என்ன இருக்கிறது? சொல்ல ஆளில்லாத விதை அவசரப்பட்டுக் கதிரிலேயே முளைத்துவிடும். முளைத்து என்ன, அந்த வெளுத்த நாற்று வெயில் பட்ட மாத்திரத்தில் பொசுங்கிவிடும், வெயிலைத் தாங்குவதற்கும் அதே மஞ்சள்தான் வேண்டும். கண்ணாடிப் பெட்டியில் இருப்பவை ஒருநாளும் கதிர் தள்ளப்போவதில்லை. அதே கதிரில் கூடப்பிறந்த மஞ்சள் மணிகள் இருக்கிறதே, பார்க்கச் சாதாரணமாக, யாரும் திரும்பிப் பார்க்காத மஞ்சள், அதில் பாதிக்கு மேல் அந்தக் குறையை உள்ளே வைத்துக்கொண்டு வெளியே காட்டாமல் இருப்பவை, வம்சம் அதில்தானே ஓடுகிறது! அதைப் போய்த் தீவனத்துக்கு... இது கூடவா ஒரு துறைத்தலைவருக்குத் தெரியாது? தெரியும், படித்திருப்பார், பரீட்சையில் எழுதியும் இருப்பார், மரபணுவைக் கம்ப்யூட்டர் திரையில் எழுத்தெழுத்தாகப் பார்த்தே பழகிப் போனவர், விடிகாலையில் பனியில் நனைந்துகொண்டு ஒவ்வொரு கதிருக்கும் காகித உறை மாட்டி, வேறு மகரந்தம் படாமல் காத்து, பருவத்துக்குப் பருவம் அவளல்லவா நின்றாள். அந்த மூட்டை போனால் எல்லாமே போயிற்று, வேறு எங்கேயும் ஒரு மணிகூட இல்லை. ஸ்ரீநிவாஸ் வேறு போனில், "போனா போறது, இன்னொரு தடவை வெதைச்சாப் போச்சு" என்கிறார், எதை வெதைக்க, உங்கள் தலையையா? கட்டின புருஷனுக்கே புரியவில்லை. பதவி உயர்வு கேட்டபோதும், கட்டுரையில் தன் பெயர் ஏன் கடைசியில் என்று கேட்டபோதும் ஜெயந்த் சாரிடம் ஒரே பதில்தான், "வெயிட் பண்ணு ஜானவி." இவளும் ஆகட்டும் சார், ஆகட்டும் சார் என்று...

கடைத்தெரு முக்கில் ஆட்டோவை நிறுத்தச் சொல்லிவிட்டு அரிசி மூட்டைகளுக்கும் அவற்றைச் சுமக்கும் சுமட்டுக்காரர்களுக்கும் நடுவே ஏறக்குறைய ஓடினாள். வன்னியபெருமாள் அண்ணாச்சி கல்லாவில் இருந்து எழுந்தே வந்தார், இவள் முகம் அப்படி இருந்திருக்க வேண்டும்.

"அந்தச் சாக்கா? ரெண்டு படி போல புறாத் தீனில கலந்துட்டோம்மா, மிச்சம் அந்தா மூலையில அப்படியே கெடக்கு."

அப்பாடா. தரையில் உட்கார்ந்து மூட்டைக்குள் கையை விட்டாள், குளிர்ந்த மணிகள் விரலிடுக்கில் வழிந்தன, அழுகை வந்துவிடும்போல இருந்தது, சோளத்துக்கு அழுவாளா ஒருத்தி?

"இதுல அப்படி என்னம்மா இருக்கு? எல்லாம் ஒண்ணுபோலத்தான தெரியுது."

"பாத்தாத் தெரியாது அண்ணாச்சி. வெதைச்சு, கதிர் வந்து, உரிச்சுப் பாத்தாத்தான்."

"அதுவரைக்கும்?"

"காத்துண்டிருக்கணும்" என்றாள், சொல்லிவிட்டு ஒரு பிடி மணியை அள்ளிப் பார்த்தாள். இந்த மணி காத்திருப்பது உள்ளே ஒன்று அதை நிறுத்தி வைத்திருப்பதால், வேளை வந்தால் அது நிறுத்தாது. தன்னை நிறுத்தி வைத்தது எது? பொறுமை என்றுதான் இதுவரை நினைத்துக்கொண்டிருந்தாள்.

மூட்டையை மடியில் ஏற்றிக்கொண்டு ஆட்டோவில் உட்கார்ந்ததும் போன் அடித்தது. ஜெயந்த் சார். குரலில் எப்போதும் இருக்கும் அந்தச் சாவகாசம் இல்லை. "ஜானவி, அந்த மஞ்சள் சாக்கு திரும்பக் கெடைச்சுதா? கமிட்டில ஒருத்தர் கேக்கறார், அடுத்த பருவத்துக்கு விதை எங்கே இருக்குன்னு. வெள்ளையைக் காட்டினா சிரிக்கறார். நான் என்ன சொல்லட்டும்?" இப்போது மட்டும் அது நார்மல் இல்லையோ? சாக்கின் கட்டு அவள் விரலுக்குள் இறுகியது. ஆகட்டும் சார், இதோ கொண்டு வருகிறேன், என்றுதான் வாய் பழகியிருந்தது, வரவில்லை.

"வெயிட் பண்ணுங்கோ சார்" என்று சொல்லிப் போனை அணைத்தாள்.

அவ்வளவு சுலபமாகவா வந்தது? கோபத்தில்கூட இல்லை, சாதாரணமாக வந்ததே, அதுதான் அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆட்டோக்காரர் வண்டியைக் கிளப்பிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "சேச்சி, இனி எங்கோட்டா? ஆபீஸிலேக்கா?"

ஆமாம் என்று சொல்ல வேண்டியதுதான். மூட்டையை இன்னும் கொஞ்சம் அணைத்துக்கொண்டு, அவள் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.