பொந்தைப் படம் எடுத்த சாமி

கேமரா தூக்கிக்கொண்டு வருகிறவனை நான் நம்புகிறதில்லை. கிழக்கேகோட்டையில் ஆட்டோ ஓட்டிப் பிழைத்தவன் நான். கேட்காமல் என் மூஞ்சியைப் படம் எடுத்துக்கொண்டு போனவர்களுக்குக் கணக்கில்லை. அதற்கு அடியில் என்ன எழுதினார்களோ, யார் கண்டது?

வெங்கடேஸ்வரன் சாமியை மட்டும் நம்பினேன்.

பேங்கில் பெரிய வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். கரமனை அக்ரஹாரத்தில் கடைசி வீடு அவருடையது. அதன் பின்மதிலுக்கு இந்தப் பக்கம், ஆற்றை ஒட்டி, ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட என் வீடு. நடுவில் என் அயினி மரம். ஊர் சுற்றுவது, படம் எடுப்பது, அதைப் பற்றிப் போனில் எழுதிப் போடுவது, இதுதான் அவருக்கு இப்போது வேலை. என் ஆட்டோவில்தான் சுற்றுவார். வெள்ளாயணிக் காயலில் நாரை, பொன்முடியில் மஞ்சு மூட்டம், வெட்டுகாட்டு சர்ச் திருநாள், சுசீந்திரம் தேர் என்று எல்லாவற்றுக்கும் போனோம். ஒரு தடவை என்னைப் பற்றியே எழுதினார். ஆஸ்பத்திரிக்குப் போகிற வயசானவர்களை நான் சும்மா ஏற்றிக்கொண்டு போகிறதை எழுதி, டீக்கடையில் எல்லாருக்கும் உரக்க வாசித்தார். எனக்குக் கூச்சமாக இருந்தது. வேண்டாம் என்று சொல்லவில்லை.

போன வருஷம் என் அயினி மரத்தில் மரங்கொத்தி பொந்து வைத்தது. சாமிக்குத் தலைகால் புரியவில்லை. தினமும் விடிந்ததும் கேமராவோடு வந்துவிடுவார்.

"ஓய் யோசுவா, சித்த அந்த மிளகுக் கொடியைத் தள்ளிப் பிடியும். பொந்து நன்னாத் தெரியலை."

ஏணி வைத்து ஏறி, கொடியை விலக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பேன். எறும்பு கையெல்லாம் கடிக்கும்.

"ஆடாதேயும் ஓய்! பறவையே ஆடலை, நீர் என்ன ஆடறீர்?"

"பறவைய எறும்பு கடிக்கலியே சாமி."

ஜன்னல் வழியாகப் பார்த்து என் பெண்டாட்டி சரசம்மா சிரிப்பாள். பக்கவாதம் வந்து அவள் வலப்பக்கம் விழுந்துவிட்டது. சிரித்தால் வாய் ஒரு பக்கம்தான் போகும். மேட மாசத்து வெயிலில் ஷீட்டுக்கு அடியில் அவள் கிடக்க முடிந்ததே அந்த மரத்தால்தான். மத்தியானம் பூரா அதன் நிழல் கூரைமேல் கிடக்கும். சாமிக்கும் அது தெரியும். "ஏஸி தோத்துப்போகும் ஓய்" என்று அந்த அறையில் உட்கார்ந்து கட்டன்சாயா குடித்துக்கொண்டே சொன்னவர்தான்.

இந்த வருஷம் மழைக்கு முன்னால், ஆபத்தான மரங்களைப் பார்க்க கார்ப்பரேஷன் ஆபீஸிலிருந்து ஒரு பெண் வந்தாள். ஷிபா என்று பெயர். பாறசாலைப் பக்கத்துப் பிள்ளை, நம் பேச்சுதான்.

"மாமா, உங்க மரத்து மேல பராதி வந்திருக்கு. உள்ளே கேடு விழுந்துபோச்சு, எப்பவும் விழலாம்னு."

"எவன் சொன்னான்?"

அவள் போனை நீட்டினாள். என் மரத்துப் பொந்து. பக்கத்தில் கொடியை விலக்கிப் பிடித்திருந்த ஒரு கை. நகம் நசுங்கிய கட்டைவிரல். என் கைதான்.

இந்தப் படம் ஒரே ஒருவரிடம்தான் உண்டு.

அவள் மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். தட்டிப் பார்த்தாள். "பொந்து இருக்கிற கொப்புதான் மாமா பட்டுப்போச்சு. அடித்தடி கெட்டியாத்தான் இருக்கு. பராதிக்காரர் சம்மதிச்சா கொப்பை மட்டும் எடுத்தா போதும்னு எழுதலாம்" என்றாள். மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்த சாமியைக் கூப்பிட்டாள்.

அவர் வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. மரத்தையும் பார்க்கவில்லை.

"கொப்பு மட்டும் போராது. நாளைக்கு என் வீட்டு மேல விழுந்தா யார் சமாதானம் சொல்றது? முழுசையும் எடுத்துடணும்."

"சாமி" என்றேன். "சரசம்மா உள்ளே கெடக்கா."

"எனக்குத் தெரியாதா ஓய்? உயிர்னு ஒண்ணு இருக்கு, அல்லே?"

ஷிபா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். மரத்தை வெட்ட வேண்டாம் என்று நான் எழுதிக் கொடுக்கலாமாம். ஆனால் மரம் விழுந்து ஒரு ஓடு உடைந்தாலும் பொறுப்பு என் தலையில். ஆட்டோ ஓட்டுகிறவன் எந்தத் தைரியத்தில் எழுதிக் கொடுப்பான்? எழுதிக் கொடுக்கவில்லை. இரண்டு நாளில் மரம் தரையில் கிடந்தது. அடித்தடியில் கேடு இல்லை. வெட்டினவனே சொன்னான், "கல்லு மாதிரி இருக்கு, பாவம்" என்று.

அடுத்த வாரம் சாமி வீட்டு மாடியில் ஆட்கள் நின்றார்கள். கறுப்புக் கண்ணாடிப் பலகைகளை ஒவ்வொன்றாக மேலே ஏற்றினார்கள். சோலார். சாயங்கால வெயில் தடையில்லாமல் அதன்மேல் விழுந்து பளபளத்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது.

மதிலோரம் நின்று கேட்டேன். "இதுக்கா சாமி?"

அவர் மாடியை அண்ணாந்து பார்த்தார். பிறகு, "நிழல் விழுந்தா கரண்ட் வராதுன்னு கம்பெனிக்காரன் சொல்லிட்டான். உம்மகிட்ட கேட்டா விடுவீரா?" என்றார்.

"உங்க பக்கத்துக் கொப்ப நானே ஏறி வெட்டித் தந்திருப்பேனே!"

"ஒரு கொப்பு போராது ஓய்."

"அப்போ மூஞ்சியப் பாத்து அதச் சொல்லிருக்கணும். மரத்துக்குக் கேடுன்னு சொன்னீங்களே, கேடு மரத்துக்கா?"

அவர் உள்ளே போய்விட்டார்.

மறுநாள் டீக்கடை நடத்துகிற ஓமனா போனைக் காட்டினாள். "மாமா, சாமி எழுதியிருக்காரு பாத்தீங்களா? உங்க மரம் போனதுக்குக் கண்ணீர் வடிச்சிருக்காரு. எத்தற லைக்கு!" மரங்கொத்தியின் படம். 'ஒரு தோழனை இழந்தோம்' என்று தலைப்பாம். ஓமனா வாசித்துக்கொண்டே போனாள். தோழன் என்று அவர் எழுதினது மரத்தையாம். நான் டீயை வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

வீட்டுக்குள் கால் வைக்க முடியவில்லை. ஃபேன் சுற்றினால் சூடுதான் இறங்குகிறது. ஈரத்துணியை முகத்தில் போட்டால் அரை நாழிகையில் காய்ந்துவிடுகிறது. சரசம்மா கண்ணை மூடிக்கொண்டு வாயால் மூச்சு விட்டாள்.

அன்று மத்தியானம் சாமி வாசலில் நின்றார். தோளில் கேமரா இல்லை. பக்கத்தில் ஒரு புதிய ஏர்கூலர். இரண்டு பேர் தூக்கி வந்து வைத்திருந்தார்கள்.

"சரசம்மாவுக்கு."

"எடுத்துட்டுப் போங்க சாமி. இல்லேன்னா ஆத்துல தள்ளுவேன்."

"யோசுவா..."

"என் பேரச் சொல்லாதீங்க."

உள்ளேயிருந்து சரசம்மா ஏதோ சொன்னாள். அவள் பேச்சு எனக்கு மட்டும்தான் புரியும். நான் கேட்காத மாதிரி நின்றேன். திரும்பவும் சொன்னாள். "வையுங்க, எனக்கு முடியலை."

நான் ஒதுங்கி நின்றேன். வந்த ஆட்கள் அதை உள்ளே தூக்கிக்கொண்டு போனார்கள். தண்ணீர் ஊற்றினது நான்தான். பிளக்கைச் சொருகினதும் நான்தான். குளிர்ந்த காற்று அவள் முகத்தில் பட்டதும் நெற்றிச் சுருக்கம் விட்டுப்போயிற்று. கொஞ்ச நேரத்தில் தூங்கிப்போனாள்.

சாமி இன்னும் வாசலில் நின்றுகொண்டிருந்தார். நான் ஏதாவது சொல்லுவேன் என்று பார்த்தார்.

நான் கதவைச் சாத்தினேன். அந்தக் காற்று என்மேல் படாத மூலையாகப் பார்த்து உட்கார்ந்தேன். ஷீட்டு கொதித்தது. வியர்வை முதுகில் இறங்கிக்கொண்டே இருந்தது. இறங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.