கம்பளிக்குள் ஒரு கேள்வி

"வத்தளையில வீடு பாத்தாச்சு. ரெண்டு ரூம், நாள் முழுக்கத் தண்ணி வருது. என்னா சொல்ற?"

"உங்க இஷ்டங்க."

"எதக் கேட்டாலும் இதத்தான் சொல்ற. டீச்சரம்மாவுக்கு வேற பாடமே வராதா?"

"நீங்க பாத்தா சரியாத்தான் இருக்கும்..."

"வீட்டுக்காரருக்கு நாளைக்குப் பதில் சொல்லணும். பள்ளிக்கூடம் விட்டதும் எடுக்கிறேன். யோசிச்சு வை."

யோசித்து வைக்க என்ன இருக்கிறது, நேற்று அவன் தொலைபேசியை வைத்த கணத்திலிருந்து யோசனையைத் தவிர வேறென்ன செய்தாள், இன்று காலைக் கூட்டத்தில் தேவாரம் பாடும்போதுகூட வத்தளை வீட்டுக் குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டேயிருந்தது... தனுஜா யன்னலுக்குப் போனாள், மேசைக்கு வந்தாள், மறுபடி யன்னலுக்குப் போனாள். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் போய்விட்டார்கள். தகரக் கூரையில் மடுல்சீமை மழை. அவள் கணவன் நிமலன் வத்தளைக்குப் பக்கத்தில், கொழும்பில் ஒரு ஹோட்டலில் சமைக்கிறான், கல்யாணமாகி நான்கு வருடத்தில் மாதத்துக்கு ஒருமுறை வருவான், வந்தவுடன் அவள் அடுப்பைப் பிடுங்கிக்கொண்டு ரொட்டி சுடுவான், பனியைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவான், பிறகு பை தூக்கிவிடுவான். அவள் கொழும்புக்கு மாற்றம் எடுத்து வரவேண்டும் என்பது அவன் முடிவு. நீங்கள் இங்கே வந்துவிடுங்கள் என்பது அவள் மனதில் இருப்பது. அதை ஏன் சொல்லவில்லை? அவன் கோபிக்கிற ஆளா, இல்லையே, சிரித்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தானா... பக்கத்து டவுன் பதுளையில் ஒரு ஹோட்டலுக்குச் சமையல்காரர் தேடுகிறார்கள் என்று டேட்டா கார்ட் விற்கிற ஷுக்ரி நானா சொன்னதைக்கூட அவள் இன்னும் அவனிடம் சொல்லவில்லை. "தங்கச்சி, மாப்புளட்ட சொன்னீங்களா?" என்று அவர் ஒவ்வொரு தரமும் கேட்கிறார், அவளும் ஒவ்வொரு தரமும் தலையை ஆட்டிவிட்டு வருகிறாள்.

வேலையைப் பார், தனுஜா. ஒன்பதாம் வகுப்பின் பொட்காஸ்டுக்கு முன்னுரை இன்னும் பதிவாகவில்லை. பதுளையில் நடந்த ஆசிரியர் பயிற்சியில் பதிவு சொல்லிக்கொடுத்த மிஸ் எவ்வளவு இலகுவாகச் சொன்னார், போன் போதும், துணி நிறைந்த அலுமாரிக்குள் தலையை விட்டுப் பேசினால் எதிரொலி வராது என்று... இங்கே இருப்பது கண்ணாடி அலுமாரி, அதற்குள் கிழிந்த அகராதிகள். பிள்ளைகள்தான் வழி கண்டுபிடித்தார்கள், அம்மாமார் மழைக்குப் போர்த்திக்கொண்டு கொழுந்தெடுக்கிற கம்பளிகளைக் கொண்டுவந்து இரண்டு மேசைகளுக்கு மேல் போட்டார்கள், உள்ளே நுழைந்தால் மழை எங்கோ தூரத்துக்குப் போய்விடுகிறது, தேயிலைக் கறையும் ஈரமும் மணக்கிறது. அவள் செய்த பிழை வேறு. வீட்டில் யாரிடமாவது இதுவரை கேட்காத கேள்வியைக் கேட்டுப் பதிந்து வாருங்கள், வானொலியில் போல மரியாதையாகக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டாள். அந்த மரியாதை தோட்டத்து லய வீடுகள் முழுக்கப் பரவிவிட்டது, பெற்ற பிள்ளைகளை அம்மாமார் வாங்க போங்க என்று பேசியிருந்தார்கள், ஓர் அப்பா மகனை ஐயா என்றிருந்தார். எல்லாவற்றையும் அழித்துவிட்டு இயல்பாகப் பேசச் சொல்லலாம் என்றுதான் இருந்தாள், டிலக்சனா கொண்டுவந்ததைக் கேட்கும் வரை.

"ஒங்க பேரு என்னாங்க?" என்று ஆரம்பித்திருந்தாள் டிலக்சனா. "ஏண்டி, எம் பேரு ஒனக்குத் தெரியாதா?" "அம்மா, ரெக்கோர்ட் ஆகுது." உடனே அந்தக் குரல் ஒரு சேலையை இழுத்துவிட்டுக்கொண்டதைப் போல மாறியது, "சொல்லுங்க தங்கச்சி." "நீங்க எங்ககிட்ட கேக்கணும்னு நெனச்சும் கேக்காம இருக்கிறது என்னாங்க?" பின்னால் கோழிச் சத்தம். பிறகு, "ஞாயித்துக்கெழம காலையில யாராச்சும் எனக்கு ஒரு பிளேன்டீ ஊத்திக் குடுத்தா நல்லா இருக்குங்க." "இத சொல்லியிருக்கலாமேம்மா." "நீங்க கேக்கலையேங்க."

வாரம் முழுக்கக் கொழுந்து கிள்ளுகிற கைக்கு ஒரு கோப்பைத் தேநீர்... வகுப்பே சிரித்தது, தனுஜாவால் முடியவில்லை. ஊற்றிக் கொடுத்தாயா என்று கேட்டதற்கு, "குடுத்தேன் டீச்சர், சீனி கூடிருச்சுன்னு ஏசுனாங்க" என்றாள் அந்தப் பிள்ளை, முகமெல்லாம் பெருமை. நிமலனும் கேட்கத்தான் செய்கிறான், நேற்றும் என்னா சொல்ற என்று கேட்டானே, பதில் சொல்லாதது யார்? இஷ்டம், உங்க இஷ்டம், இந்தச் சொல்லை அவளுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள், யாரும் இல்லை, அவளே அதைப் பெரிய அன்பு என்று நினைத்துக்கொண்டிருந்தாள்...

கம்பளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். போனைப் புத்தகத்தின் மேல் சாய்த்து வைத்தாள். வணக்கம் என்று ஆரம்பிக்க வாயெடுத்த நேரம் அது அதிர்ந்தது. நிமலன்.

"என்னா, மழையே கேக்கல, எங்க இருக்க?"

"கம்பளிக்குள்ள."

"காய்ச்சலா?"

"இல்லைங்க, பொட்காஸ்ட்."

சிரித்தான், அவளுக்குப் பிடித்த சிரிப்பு, இதற்குத்தானே பயந்தோம் என்று தோன்றியது, இதில் பயப்பட என்ன இருந்தது... "சரி டீச்சரம்மா, யோசிச்சியா? வீட்டுக்காரரு காத்துக்கிட்டு இருக்காரு."

உங்க என்பது நாக்கு வரை வந்துவிட்டது. உள்ளே இருட்டு, யாரோ ஒருத்தியின் மழைநாட்கள் எல்லாம் மணக்கிற இருட்டு. அவளுடைய மூச்சு அவளுக்கே இவ்வளவு கிட்டத்தில் கேட்டதில்லை. கேள்வியைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளவேண்டும், பதிலை நாமே எடுத்துக் கொடுக்கக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவள், இத்தனை வருடமாக அவன் பதிலையும் தானே சொல்லி முடித்து வைத்திருந்தாளா?

"உங்ககிட்ட ஒன்னு கேக்கணுங்க."

"கேளு."

"நா அங்க வரல. நீங்க இங்க வந்துருங்க."