காணாமல் போன படிக்கட்டு

கல்யாணமாகி ஏழு மாதமாகியும் அவளும் அவள் கணவனும் குடித்தனம் நடத்தியது வழிப்பாதையில். வீட்டிலிருந்த ஒரே குளியலறைக்கு அவர்களுடைய அறை வழியாகத்தான் போக வேண்டும். மாமனார் கதவருகே வந்து தொண்டையைச் செருமுவார். மாமியார் சாவிக்கொத்தைக் குலுக்குவாள். கொழுந்தன் கர்ணகடூரமாகப் பாடிக்கொண்டே கடப்பான். கணவன் ஆசையாக ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால், அது முடிவதற்குள் யாராவது தோளில் துண்டோடு நடுவே போய்விடுவார்கள்.

அதனால்தான் மாடியில் ஓர் அறை கட்ட முடிவானது. அதற்கான அனுமதிக்காகத்தான் குடும்பமே நகராட்சி அலுவலகத்தில் வந்து நின்றது. வீடு நாலு பேர் பெயரில் இருந்ததால் நாலு பேரும் அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். அவளுக்கு அங்கே வேலையில்லை. ஆனாலும் வீட்டில் இருப்புக்கொள்ளாமல் வந்துவிட்டாள். நாளை முதல் புது விதி. அவர்கள் தெருவின் அகலத்துக்கு மாடியே கட்டக் கூடாதாம். இன்று நாலு மணிக்குள் முத்திரை விழுந்தால் உண்டு. இல்லாவிட்டால் காலம் முழுக்க வழிப்பாதைதான்.

கவுன்டருக்குப் பின்னாலிருந்த அதிகாரி அம்மாள் ப்ளானை விரித்து, ஸ்கேலை வைத்து, மூக்குக் கண்ணாடியை இரண்டு தடவை துடைத்தாள்.

"எல்லாம் சரி. மாடிக்கு எப்படிப் போவீங்க?"

"படி ஏறித்தான்," என்றார் மாமனார், பச்சைக் குழந்தைக்குச் சொல்வதுபோல.

"அந்தப் படி எங்க இருக்கு?"

ஐந்து தலைகள் ப்ளான்மேல் கவிழ்ந்தன. சமையலறை இருந்தது. ஹால் இருந்தது. மாடியறை தன்பாட்டுக்கு மேலே மிதந்துகொண்டிருந்தது. படிக்கட்டு இருக்க வேண்டிய இடத்தில் தடிமனாக ஒரே ஒரு கோடு.

"அண்ணி, றெக்கை இருக்கா உங்களுக்கு?" என்றான் கொழுந்தன்.

"சும்மா இருடா!" என்ற அவள் கணவன், பெஞ்சில் பதுங்கியிருந்த ப்ளான் போடுகிறவரை இழுத்து வந்தான். "மூணடிப் படி சார்! எங்க போச்சு?"

"நான் என்ன தின்னா தீர்த்தேன்? ஆளாளுக்குத் தனித்தனியா வந்து, 'அரையடிதானே, வீட்ல யார்கிட்டயும் சொல்லிடாதீங்க'ன்னு கேட்டீங்க. சமையலறைக்குப் பேச ஆள் இருக்கு, ஹாலுக்குப் பேச ஆள் இருக்கு. படிக்கட்டுக்குப் பேச யார் இருக்கா? அதுலதான் எடுத்தேன்."

"எவன் அவன், திருட்டுத்தனமா அரையடி கேட்டது?" மாமனார் கர்ஜித்தார்.

"முதல் அரையடி உங்களுதுதான் ஐயா. சாய்வு நாற்காலிக்கு."

மாமனார் சட்டென்று சுவரிலிருந்த அறிவிப்பைப் படிக்கத் தொடங்கினார்.

"பார்த்தியாடா உங்கப்பாவை, பூனை மாதிரி இருந்துக்கிட்டு!" என்று மாமியார் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, நீங்க ரெண்டு தடவை வந்தீங்க. பாத்திர அலமாரிக்கு ஒண்ணு, மிக்ஸிக்கு ஒண்ணு."

கொழுந்தன் தன் உடற்பயிற்சி பெஞ்சுக்கு ஒரு அரையடி வாங்கியிருந்தான். ப்ளான் வீட்டுக்கு வந்த அன்று ஒருவருமே அதை ஒழுங்காகப் பார்க்காமல் "பிரமாதம், பிரமாதம்" என்று சுருட்டி வைத்ததன் ரகசியம் இப்போதுதான் விளங்கியது. மடியில் கனம், எல்லோருக்கும்.

"ரெண்டடி ஆச்சு. மிச்சம் ஓரடி?" மாமியார் விடவில்லை.

அவளுக்கு முகம் சிவந்தது. "ஒரு அரையடி நான்தான் அத்தை. தையல் மெஷின் போட."

"இன்னொண்ணு நான்," என்று முணுமுணுத்தான் கணவன். "இவளுக்குத் தையல் மெஷின் போட."

கொழுந்தன் விழுந்து விழுந்து சிரித்தான். அதிகாரி அம்மாள் ப்ளானைக் கொஞ்சம் உயர்த்தி வாயை மறைத்துக்கொண்டாள்.

"ஏம்மா, ஒரே மெஷினுக்கு ரெண்டு பேரும் தனித்தனியா போய்க் கேட்டீங்களா?" என்றாள் மாமியார். "இதைக்கூடவா புருஷனும் பொண்டாட்டியும் பேசிக்க மாட்டீங்க?"

"எப்ப அத்தை பேசறது?"

கேட்ட பிறகுதான் சத்தமாகக் கேட்டுவிட்டது அவளுக்கே உறைத்தது. வரிசையில் பின்னால் நின்றவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். மாமியார் மகனைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள்.

"மணி மூணே கால்," என்றாள் அதிகாரி. "மூணடி அகலம் இல்லாம முத்திரை கிடையாது."

"என் ரெண்டு அரையடியையும் எடுத்துக்கோங்க," என்றாள் மாமியார் ப்ளான்காரரிடம். "மிக்ஸி தரையில கிடக்கட்டும். ஏங்க, உங்க நாற்காலி?"

"அதுல கொஞ்சம் பார்த்து..."

"ஏங்க!"

"சரி, சரி. எடுத்துக்கப்பா."

கொழுந்தன், தான் இனிமேல் படியில் ஏறி இறங்கியே உடம்பைத் தேற்றிக்கொள்வதாக அறிவித்தான். தையல் மெஷினின் இரண்டு அரையடியும் போயிற்று. கவுன்டர் ஓரத்திலேயே ப்ளான்காரர் அழித்து அழித்து வரைந்தார். ரப்பர் தூளைக் குடும்பமே சேர்ந்து ஊதியது. நாலுக்கு எட்டு நிமிஷம் இருக்கும்போது, கோட்டிலிருந்து படிக்கட்டு மறுபடி முளைத்தது.

அதிகாரி அளந்து பார்த்தாள். தலையாட்டினாள். முத்திரையைக் கையிலெடுத்தவள் நிறுத்தினாள்.

"மாடியறை என்ன உபயோகம்னு எழுதலையே? ஸ்டோர் ரூமா, படிக்கிற ரூமா, என்ன?"

மாமனார் மின்விசிறியை ஆராய்ந்தார். கொழுந்தன் இருமினான். கணவன் தன் செருப்பைப் பார்த்தான். அவளுக்கோ கவுன்டருக்கு அடியில் புகுந்துகொள்ளலாமா என்றிருந்தது.

"அவங்க ரெண்டு பேரும் பேசறதுக்கு," என்றாள் மாமியார்.

"அப்படியெல்லாம் எழுத முடியாதும்மா."

"அப்ப நீங்களே பார்த்து எழுதுங்க. கல்யாணம் ஆனவங்கதானே நீங்களும்?"

அதிகாரி அம்மாள் சிரித்தபடி 'படுக்கையறை' என்று எழுதி, முத்திரையை ஓங்கிக் குத்தினாள்.