இரண்டாவது கட்டம்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு வரைபடம் என்றால் உயிர். எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றாலும், ஒயர் படத்தை விரித்து விரலை ஓட்டிக் கோளாறைப் பிடித்துவிடுவார். அதனால் மனநல ஆலோசகர் அம்மாள் வெள்ளைத்தாளில் நாலு கட்டம் போட்டு அம்பு இழுத்தபோது, ஆறு வாரமாகக் கடனே என்று வந்துபோன மனுஷர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நீங்க சொன்னதை வச்சு உங்க சிக்கலை நான் இப்படித்தான் புரிஞ்சுக்கிட்டிருக்கேன். ஊகம்தான். தப்பா இருந்தா நீங்களே திருத்துங்க," என்று பேனாவை அவர் பக்கம் தள்ளினார் அந்த அம்மாள்.

முதல் கட்டம், இரண்டு வருஷத்துக்கு முன் லிஃப்ட் குழியில் கூட்டாளி நெட்டையன் செத்தது. இரண்டாவது, 'என்னைச் சேர்ந்தவங்களுக்கு எப்ப வேணாலும் எதுவும் ஆகலாம்' என்ற பயம். மூன்றாவது, மகளுக்கு ஒரு நாளைக்கு முப்பது போன். நான்காவது, அவள் குரலைக் கேட்டதும் வருகிற ஐந்து நிமிஷ நிம்மதி. அங்கிருந்து அம்பு வளைந்து மறுபடி பயத்துக்கே போனது.

மகள் கறாராகச் சொல்லியிருந்தாள். "ஆபீஸ்ல எல்லாரும் சிரிக்கிறாங்கப்பா. இந்த மாசத்தோட நிறுத்தலைன்னா நம்பரை மாத்திடுவேன். புது நம்பர் உங்களுக்குத் தர மாட்டேன்." மாசம் முடிய நாலு நாள்தான் பாக்கி. அவளை விட்டால் அவருக்கு வேறு நாதி இல்லை.

"சரியாத்தான் இருக்கு மேடம்," என்றார். வாய்தான் சொன்னது. விரல் இரண்டாவது கட்டத்தை விட்டு நகரவில்லை. தப்பான படத்தை வைத்துக்கொண்டு எத்தனை நாள் குடைந்தாலும் லிஃப்ட் ஓடாது என்பது அவருக்குத் தெரியாததா?

"விரல் அங்கேயே நிக்குதே?"

மெக்கானிக் தண்ணீர் குடித்தார்.

"குழிக்குள்ள ஆள் இறங்கினா மெயின் ஸ்விட்சை அணைச்சுப் பூட்டுப் போடணும் மேடம். சாவி இறங்குறவன் பையில இருக்கணும். அன்னிக்குப் பூட்டு கீழே வண்டியிலேயே கிடந்துச்சு, ஸ்விட்ச் உச்சி மாடியில. எட்டு மாடி இறங்கி ஏறணுமேன்னு சோம்பல். 'நான் ஸ்விட்ச் பக்கத்துலயே நிக்கறேன், நீ இறங்குடா'ன்னேன்."

"நின்னீங்களா?"

"ஒரு போன் வந்துச்சு. பேசிக்கிட்டே வெளிய போயிட்டேன். விஷயம் தெரியாம யாரோ ஸ்விட்சைப் போட்டுட்டாங்க." சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தார். "போன் பண்ணினது என் மக. வேலை கிடைச்சிருச்சுன்னு சொல்லக் கூப்பிட்டா. அவளுக்கு ஒண்ணும் தெரியாது. யாருக்குமே தெரியாது."

பேனாவை எடுத்து இரண்டாவது கட்டத்தில் இருந்ததை அடித்தார். மேலே கோணல்மாணலாக எழுதினார்: 'நான் காவல் நிக்கல. அந்தப் பாவம் என் மக தலையில விடியும்.'

ஆலோசகர் அதை மெதுவாகப் படித்தார். தேறுதல் சொல்லவில்லை. "அன்னிக்கு விட்ட காவலைத்தான் இரண்டு வருஷமா போன்ல நின்னுட்டு இருக்கீங்க போல," என்றார். அவ்வளவுதான், மனுஷர் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீடுவரை நடந்தார். கை போனுக்குப் போகும்போதெல்லாம் தாளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். சாயங்காலம் போன் அதுவாகவே மணி அடித்தது.

"அப்பா, காலையிலேருந்து ஒரு போன்கூட இல்ல. உடம்புக்கு ஒண்ணும் இல்லியே?"

"நல்லாத்தான் இருக்கேம்மா. நெட்டையன் மாமா செத்த அன்னிக்கு நடந்ததுல ஒண்ணை உங்கிட்ட மறைச்சுட்டேன். நேர்ல வந்து சொல்லட்டுமா?"

அந்தப் பக்கம் விசும்பல் கேட்டது.

"எனக்குத் தெரியும்பா. லைன்ல நான்தானே இருந்தேன்? அந்த அலறல் எனக்கும் கேட்டுச்சு. நான் அப்ப கூப்பிடாம இருந்திருந்தா மாமா இருந்திருப்பாரு. உங்க நம்பர் போன்ல வர்ற ஒவ்வொரு தடவையும் அதேதான்பா காதுல கேக்குது."

மெக்கானிக் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அந்தத் தாளில் மகளுக்கென்று ஒரு கட்டமே போடவில்லை. ஒவ்வொரு போனிலும் கேட்கிற 'எங்கே இருக்கே, பத்திரமா இருக்கியா'வை இந்தத் தடவை அவர் கேட்கவில்லை.

"நீ ஒண்ணும் பண்ணலம்மா. பூட்டுப் போடாதது நான்," என்றார். "இரு, வர்றேன்."