இங்கிலாந்து பிஸ்டன்

கொட்டாஞ்சேனைக் கராஜில் லவன் காலையிலிருந்து ஒரே பிளாஸ்டிக் கதிரையில் இருந்தான். எஞ்சினைத் திறக்கும்போது பக்கத்தில் நிற்காவிட்டால் நல்ல சாமான் மாயமாகிவிடும் என்று வெள்ளவத்தையில் தெரிந்தவர்கள் எல்லோரும் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

கார் அவன் மனைவி உஷாந்தியினுடையது. தகப்பன் கொடுத்த மொரிஸ் மைனர். அவள் இறந்து இன்னும் ஆண்டுத் திவசம் வரவில்லை. கார் புகை தள்ளத் தொடங்கியிருந்தது.

“லண்டன் பிஸ்டன் வாங்க வாணாம் சேர். ஜப்பான் பிஸ்டன் ஒன்ன செட் பண்ணித் தாரன்,” என்று மெக்கானிக் ஷிராஸ் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். அவர் சொல்லச் சொல்ல லவனுக்குச் சந்தேகம் கூடியது. ஜப்பான் சாமான் கடையில் கொமிஷன் இருக்கும். இல்லாவிட்டால் இந்தப் பழைய எஞ்சின் மீதே கண். உஷாந்தி ஓடிய காரில் ஒரு ஆணியும் மாறக்கூடாது. இங்கிலாந்திலிருந்து பிஸ்டன்களைத் தருவித்து, பெட்டியை மடியில் வைத்திருந்தான்.

“தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்களேன் சேர்.”

“வேண்டாம்.”

“சரிதான். நீங்க எழும்பினா எஞ்சினுக்குக் கால் முளைச்சிரும்.”

லவன் சிரிக்கவில்லை.

முதல் பிஸ்டன் வெளியே வந்தது. ஷிராஸ் அதைத் துடைக்காமல் மேசையில் தள்ளி வைத்தார். லவன் எழுந்து போய் எடுத்துத் துடைத்தான். உள்பக்கத்தில் ஜப்பானிய எழுத்து.

“இதை எப்ப மாத்தினீங்கள்?”

“கண் வெட்டாமப் பாத்துட்டு இரிந்தீங்க. இண்டைக்கி நான் எப்ப மாத்துற?”

அது உண்மை. மூத்திரத்துக்குக்கூட அவன் எழும்பவில்லை.

“அப்ப ஆர்?”

“நான்தான். ஆனா இண்டைக்கி இல்ல.” ஷிராஸ் கையைத் துடைத்தார். “நீங்க யாழ்ப்பாணம் போன நேரம் மிஸ் கொண்டு வந்தாங்க. சிலிண்டரப் பெருசா வெட்டி இதப் போட்டன். ‘அவருக்குச் சொல்ல வாணாம், சொன்னா லண்டன் சாமான் வரும் வரைக்கும் காரப் பூட்டி வெச்சிருவார், நான் ஸ்கூலுக்கு பஸ்ல தொங்கோணும்’ எண்டாங்க.”

“ஏன் முதலே சொல்லயில்லை?”

“மௌத்தான ஆளுக்குக் குடுத்த வாக்கு சேர்.”

லவன் நம்பவில்லை. பெட்டியைத் திறந்து, தன் பிஸ்டனைச் சிலிண்டருக்குள் இறக்கினான். தம்ளருக்குள் கரண்டி போல அது லொடலொடத்தது.

யாழ்ப்பாணத்தால் திரும்பி வந்த கிழமை ஞாபகம் வந்தது. கொள்ளுப்பிட்டியில் காரில் போகும்போது, “கேட்டீரோ, ஒரிஜினல் எஞ்சின்ர சத்தம்,” என்று பெருமையடித்தான். உஷாந்தி கடல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, “ஓம், ஓம்,” என்றாள்.

“உள்ளுக்கு ஸ்லீவ் இறக்கி ஓட்டையச் சின்னதாக்கினா உங்கட பிஸ்டனும் போடலாம். என்ன செய்ற?” என்றார் ஷிராஸ்.

லவன் பெட்டியை மூடினான்.

“அவ போட்ட மாதிரியே போடுங்கோ.”

ஷிராஸ் தலையாட்டினார்.

“வேற என்ன மாத்தினவ?”

ஷிராஸ் கொஞ்சம் யோசித்தார். “கார்புரேட்டரும்தான்.”

“காட்டுங்கோ,” என்றான் லவன்.