போட்டு வருது

தியோடர் வாத்தியார் ஒரு நாளாவது பொண்டாட்டி பேச்சைக் கேட்டிருப்பாரா? குடை எடுத்துக்கோங்கன்னு சொன்னா, வேணும்னே விட்டுட்டுப் போய் நனைஞ்சுக்கினு வருவார். சித்தூர் மிஷன் பள்ளிக்கூடத்துப் பசங்க எல்லாம் அவர் பேச்சைக் கேக்கணும், அவர் மட்டும் யார் பேச்சையும் கேக்க மாட்டார்.

எந்த ஊர் ஆந்திராவுக்கு, எந்த ஊர் மெட்ராசுக்குன்னு எல்லாரும் மல்லுக்கட்டிக்கினு இருந்த வருஷம் அது. வரதய்யபாளையத்துல ஒரு கல்யாணத்துக்கு வந்த வாத்தியாரும் பொண்டாட்டி ஜெயகுமாரியும், பழவேற்காட்டு ஏரியில பூநாரை வந்திருக்குன்னு கேள்விப்பட்டு அங்கேயும் போனாங்க.

ஜெயகுமாரி கரையிலேயே நின்னுட்டாள். "சேறுங்க, வேணாம்." அவர் கேட்டாத்தானே! பூட்ஸைக் கழட்டிக் கையில புடிச்சுக்கினு, கணுக்கால் தண்ணி ஓடின கால்வாயைத் தாண்டி, எதிர்ப்பக்கத்து அலையாத்திப் புதருக்குள்ள போயிட்டார்.

"அடியே, இங்க மீனு சேத்து மேல குதிச்சுக் குதிச்சுப் போவுதுடி!"

அவருக்குப் பின்னால பூநாரைக் கூட்டம். அவர் போட்ட கூச்சலைக் கேட்டு அவளுக்குச் சிரிப்பு வந்துடுச்சு.

அப்போ தூரத்துல வலையைச் சுருட்டிக்கினு இருந்த மீன்காரர் கத்தினார்: "போட்டு வஸ்தோந்தி! போட்டு!"

ஜெயகுமாரிக்குத் தெலுங்கு தண்ணிபட்ட பாடு. போட்டு வருதாம்! அப்பாடா, மனுஷன் சேத்துல இறங்காம வந்து சேருவார். அவர் திரும்பி வரத்தான் கிளம்பினார். இவள்தான் கையைத் தட்டிக் கூப்பிட்டாள்: "ஏங்க, போட்டு வருதாம்! அங்கேயே நில்லுங்க!"

அவர் நின்னார். பூட்ஸைப் புதர் உச்சியில மாட்டிட்டுக் கையாட்டினார்.

போட்டு வரலை. தண்ணிதான் வந்துச்சு. கால்வாய் முழங்காலாச்சு, இடுப்பாச்சு, ஆளை இழுக்க ஆரம்பிச்சுது. பூநாரை ஒண்ணு மிச்சமில்லாம பறந்து போச்சு. "ஐயோ, வந்துடுங்க!" தொண்டை கிழியக் கத்தினாள். பாகாலாவுல பொறந்து வளர்ந்தவருக்கு நீச்சல் ஏது? கால்வாயில கால் வெச்சவர் சுழன்று போனார். கர்த்தாவேன்னு மார்ல அடிச்சுக்கினு அவளும் தண்ணியில இறங்கினாள். மீன்காரர் ஓடிவந்து அவள் தலைமுடியைப் புடிச்சு இழுத்துக் கரையில போட்டார். எழுந்து பார்த்தா புதர் உச்சி மட்டும் தெரிஞ்சுது, அவரைக் காணோம்.

"போட்டுன்னு அத்தனை தடவை கத்தினேனேம்மா," மீன்காரர் தெலுங்குல அழுதார். "கடல் தண்ணி ஏறுதுன்னுதானே சொன்னேன்! அப்பவே வந்திருந்தா கணுக்கால் தண்ணிதான். அந்த மனுஷன் ஏன் நின்னார்?"

பாகாலாவுலயோ சித்தூர்லயோ பேசற தெலுங்குல அப்படி ஒரு வார்த்தையை அவள் கேட்டதே இல்லை. அங்கே கடலா இருக்கு?

ஜெயகுமாரி புதர் உச்சியில தொங்கின பூட்ஸையே பார்த்தாள்.

"நான்தான் நில்லுங்கன்னு சொன்னேன், அண்ணா. கல்யாணமான நாள்லேர்ந்து இன்னிக்குத்தான் என் பேச்சைக் கேட்டாரு."